இராவணா ஏறிய இரவு

இலங்கைப் பொறியியலாளர் உருவாக்கிய முதற் செய்மதியான இராவணா-1, 2019 ஏப்ரல் 18ஆம் திகதி, நம் நேரப்படி அதிகாலை 2.16க்கு, அமெரிக்காவின் வேர்ஜினியாக் கரையிலிருந்து புறப்பட்டது. யப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவகத்தில் தரிந்து தயாரத்ன, துலானி சாமிகா ஆகிய இருவரும் செய்தது. எடை ஒரு கிலோ அளவு. ஏற்றிச் சென்றது நொத்ரொப் குறுமன் என்னும் தனியார் நிறுவனத்தின் அன்ராறிஸ் ரொக்கெட். நாசாவுக்காகக் கூலிக்குச் சரக்கேற்றி வந்த வண்டி அது; நேபாளத்தின் முதற் செய்மதியும் அதில் உடன்பயணி.

வெள்ளவத்தையில் விண்வெளிப் பித்துக் கொண்ட நண்பர் நால்வருடன் இணைய நேரடி ஒளிபரப்பில் பார்த்தேன். இராவணன் யாருடையவன் என்ற எங்கள் வாக்குவாதம் (தீரக்கூடியதா அது?) எண்ணிக்கை பூச்சியத்தைத் தொட்டதும் அடங்கிற்று.

மறுநாள் பெரிய வெள்ளி. பிற்பகலில் சரக்குக்கலம் சர்வதேச விண்வெளி நிலையத்தைச் சேர்ந்தது. ஞாயிறு காலை கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தது. நால்வருள் ஒருவர் செவ்வாய்தோறும் அங்கு போகிறவர். அதன்பின் செய்மதியைப் பற்றிப் பேச எவருக்கும் வாய் வரவில்லை.

ஆலயம் ஜூன் 12இல் மீண்டும் திறக்கப்பட்டது. ஐந்து நாள் கழித்து, சுமார் 400 கிலோமீற்றர் உயரத்தில், இராவணா விண்ணில் விடப்பட்டது. அன்று நாங்கள் கூடவில்லை. 2021இல் அது வளிமண்டலத்தில் எரிந்து முடிந்தது.