சிஸ்டிக் ஹைக்ரோமா: மருத்துவ வரலாறு

சிஸ்டிக் ஹைக்ரோமா என்பது குழந்தைகளுக்குப் பிறவியிலேயே அமையும் நிணநீர்ப் பை வீக்கம் ஆகும். இது பெரும்பாலும் கழுத்தில் காணப்படும். தொட்டால் மென்மையாக இருக்கும், வலிக்காது. உள்ளே நிணநீர் நிறைந்திருப்பதால், விளக்கொளியை அருகில் பிடித்தால் ஒளி ஊடுருவித் தெரியும். ஏறத்தாழ பாதி வீக்கங்கள் பிறக்கும்போதே தென்படுகின்றன. பெரும்பாலானவை இரண்டு வயதுக்குள் வெளிப்பட்டுவிடுகின்றன. நோய்த்தொற்று ஏற்படும்போது திடீரெனப் பெரிதாகி மூச்சுக்குழலை அழுத்தவும் கூடும். இது கட்டியா, உருவாக்கக் குறையா என்ற கேள்விக்குக் கிடைத்த விடையே சிகிச்சை முறைகளையும் மாற்றியது.

பெயர்

இவ்வீக்கத்தை 1828-இல் ரெடன்பாகர் விவரித்தார். 1843-இல் ஜெர்மனியைச் சேர்ந்த அடோல்ஃப் வெர்னர் இதற்கு ஹைக்ரோமா என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் 'ஹைக்ரோஸ்' என்றால் ஈரம். 'ஓமா' என்பது கட்டியைக் குறிக்கும் விகுதி. இதனால் பெயரிலேயே 'கட்டி' என்ற பொருள் சேர்ந்துவிட்டது.

தோற்றம் பற்றிய ஆய்வு

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய புளோரன்ஸ் சேபின், பன்றிக் கருக்களின் நிணநீர் நாளங்களில் சாயம் செலுத்தி ஆராய்ந்தார். நிணநீர்ப் பைகள் சிரைகளிலிருந்தே முளைக்கின்றன என்று 1902-இல் வெளியிட்டார். அவை திசுக்களில் தனியாகத் தோன்றிப் பின்னரே சிரைகளுடன் இணைகின்றன என்று ஹண்டிங்டன், மக்ளூர் ஆகியோர் வாதிட்டனர். பிற்கால எலி ஆய்வுகள் பெருமளவு சேபினின் கருத்துக்கே வலுச்சேர்த்தன.

கருவில் முதல் நிணநீர்ப் பைகள் கழுத்துச் சிரைகளின் அருகே உருவாகின்றன. அவற்றின் இணைப்பு சரியாக அமையாவிட்டால் நிணநீர் வடிய வழியின்றித் தேங்கும். வீக்கம் கழுத்தில் மிகுதியாகக் காணப்படுவதற்கு இது விளக்கம் தந்தது. 1982-இல் மல்லிக்கன், குளோவாக்கி ஆகியோர் உயிரணுக்கள் பெருகும் நாளக் கட்டிகளையும், நாளங்களின் உருவாக்கக் குறைகளையும் பிரித்து வகைப்படுத்தினர். அதன்படி இவ்வீக்கம் இரண்டாம் வகையில் சேர்ந்தது.

சிகிச்சை

நெடுங்காலம் அறுவை சிகிச்சையே முதன்மையாக இருந்தது. ஆனால் இப்பைகள் நரம்புகளையும் இரத்த நாளங்களையும் சுற்றிப் படர்பவை. முழுவதும் அகற்ற முயன்றால் முகநரம்பு பாதிக்கப்படலாம். மிச்சம் வைத்தால் வீக்கம் மீண்டும் வரலாம். இது புற்றுநோய் அன்று என்பதால், ஒவ்வொரு பையையும் வெட்டி எடுத்தே தீரவேண்டிய கட்டாயமில்லை.

1987-இல் ஜப்பானிய மருத்துவர் ஒகிதாவும் குழுவினரும் ஓகே-432 என்னும் மருந்தைப் பைக்குள் ஊசிமூலம் செலுத்திப் பெற்ற பலனை வெளியிட்டனர். பெனிசிலினால் வீரியம் நீக்கப்பட்ட ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவிலிருந்து செய்யப்படும் இம்மருந்து, அழற்சியைத் தூண்டிப் பையைச் சுருங்கச் செய்கிறது. பெரிய அறைகள் கொண்ட வீக்கங்களில் இது நன்கு பயன்படுகிறது. நுண்ணறைகள் கொண்டவற்றில் பலன் குறைவு.

2015-இல் இவ்வகை வீக்கங்களின் திசுவில் பிஐகே3சிஏ மரபணு மாற்றம் கண்டறியப்பட்டது. உறுப்பு மாற்றுச் சிகிச்சையில் பயன்பட்டுவந்த சிரோலிமஸ் மருந்து, சிக்கலான நிணநீர் நாளக் குறைகளிலும் பலன் தருவதாக 2016-இல் ஓர் ஆய்வு வெளியானது. இன்று இவ்வீக்கம் 'நிணநீர் நாள உருவாக்கக் குறை' என்றே வகைப்படுத்தப்படுகிறது. எனினும் வெர்னர் இட்ட பெயரும் மருத்துவமனைகளில் வழக்கில் உள்ளது.