ஏணையும் கட்டிலும்

விருத்தாசலம் பக்கம் வீட்டுக்குத் தளம் போடும்போது ஃபேனுக்கு ஒரு கொக்கி விடுவார்கள். தொட்டிலுக்கும் ஒரு கொக்கி விடுவார்கள். அந்த நேரத்தில் வீட்டில் கைக்குழந்தை இருக்க வேண்டும் என்பதில்லை. மகளுக்கோ மருமகளுக்கோ என்றைக்காவது பிரசவம் ஆகும், ஏணை என்கிற சேலைத் தொட்டில் கட்ட வேண்டிவரும் என்ற கணக்குதான். கூரைக்குச் சீட்டு போட்ட வீடென்றால் குறுக்கே போகும் இரும்புக் குழாயில் கயிற்றைச் சுற்றிக்கொள்வார்கள். பழைய பருத்திச் சேலை ஒன்று, துணியை விரித்துப் பிடிக்க ஒரு தொட்டில் கட்டை. செலவு அவ்வளவுதான்.

இப்போது பிள்ளை பெற்ற வீடுகளில் இன்னொரு பேச்சும் எழுகிறது. "பேபி காட் ஒண்ணு வாங்கிடலாமா?" என்று இளம் தாய் கேட்கிறாள். "நீ ஏணையிலதான் வளந்த, உனக்கு என்ன ஆச்சு?" என்று ஆயா திருப்பிக் கேட்கிறாள். இரண்டுமே நியாயமான கேள்விகள். பிறந்த குழந்தை ஒரு நாளில் பதினாறு மணி நேரம் வரைகூடத் தூங்கும். அவ்வளவு நேரம் கிடக்கப்போகிற இடத்தைப் பற்றி, பெயர் சூட்டுவதற்குக் காட்டுகிற அக்கறையில் பாதியாவது காட்ட வேண்டும்.

முதலில் ஏணை. அதன் நன்மைகளைச் சாதாரணமாக ஒதுக்கிவிட முடியாது. கத்திரி வெயில் நாட்களில் கடலூர் மாவட்டத்தின் உள்பகுதி கொதிக்கும். மெல்லிய பருத்தித் துணியில் தொங்கும் குழந்தைக்கு முதுகுப் பக்கமும் காற்று படும். மெத்தையில் கிடக்கும் குழந்தைக்கு அந்த வசதி இல்லை. உடம்பு அதிகமாகச் சூடேறுவது, தூக்கத்தில் சிசுக்கள் திடீரென இறந்துபோவதோடு தொடர்புடைய காரணங்களில் ஒன்று என்பது மருத்துவர்கள் சொல்வது. எறும்பும் பூரானும் தேளும் அண்டாது, மழைக்காலத்துத் தரை ஈரம் ஏறாது.

இவற்றைவிடப் பெரிய நன்மை, ஏணை குழந்தையை மல்லாத்தியே வைத்திருக்கும் என்பது. 1992-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் சிசுக்களைக் குப்புறப் படுக்கவைக்க வேண்டாம் என்று அறிவித்தது. 1994-இல் அங்கே பெரிய பிரச்சாரமே நடந்தது. பத்தாண்டுக்குள் தூக்கத்தில் நேரும் திடீர்ச் சாவுகள் பாதிக்கும் கீழே குறைந்தன. குழந்தை வளர்ப்பில் இவ்வளவு சின்ன மாற்றம் இவ்வளவு உயிர்களைக் காத்தது அபூர்வம். நம்முடைய ஏணை அந்த மல்லாந்த படுக்கையை யாரும் சொல்லாமலே தந்துவந்தது.

தாயின் வேலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். விருத்தாசலம் செராமிக் ஊர். கிட்காட் ஃபியூஸும் இன்சுலேட்டரும் கொலுப் பொம்மையும் இங்கிருந்து லாரி ஏறுகின்றன. அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொம்மையின் பிசிறு சீவுவது, ஈர ஸ்பஞ்சால் துடைப்பது, வண்ணம் தீட்டுவது போன்ற வேலைகளில் பெண்களின் கை அதிகம். வீட்டில் உட்கார்ந்து கைவேலை பார்க்கிற தாய், ஏணையில் கட்டிய கயிற்றின் நுனியைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொள்வாள். இரண்டு கையும் வேலையில் இருக்கும், கால் ஆட்டிக்கொண்டிருக்கும். எந்தக் கட்டிலும் அவளுக்கு இந்த உதவியைச் செய்யாது.

ஆனால் துணி தொங்கினால் வளையும். கிடக்கிற குழந்தையும் அதோடு வளையும். பிறந்த குழந்தையின் தலை, அதன் உடல் நீளத்தில் ஏறக்குறைய கால் பங்கு. அந்தக் கனத்தை நிமிர்த்தும் பலம் கழுத்துக்கு வர மாதங்கள் ஆகும். முதுகு வில்லாக வளையும்போது முகவாய் மார்பில் வந்து பதியும். மடித்துப் பிடித்த ரப்பர் குழாயில் தண்ணீர் தடைப்படுவது போல மூச்சு தடைப்படும். குழந்தை அழுது காட்டாது, அதற்குக்கூடக் காற்று வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் அசந்து தூங்குவது போலவே இருக்கும். குறைமாதத்தில் பிறந்தவை, எடை குறைந்தவை, சளி பிடித்தவை ஆகியவற்றுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல்.

இது ஏணைக்கு மட்டும் உள்ள குறையல்ல. அமெரிக்காவில் ஃபிஷர்-பிரைஸ் நிறுவனம் 'ராக் அண்ட் ப்ளே' என்ற சாய்வுப் படுக்கையை விற்றது. சிசு மரணங்கள் வெளியே வந்த பிறகு, 2019-இல் ஏறக்குறைய 47 லட்சம் படுக்கைகளைத் திரும்பப் பெற வேண்டிவந்தது. 2022-இல் அந்த நாடு, 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த சிசுப் படுக்கைகளைச் சட்டம் போட்டே தடை செய்தது. விலை உயர்ந்த அந்தப் பொருளுக்கும் நம் வீட்டுச் சேலைக்கும் தோற்றத்தில் ஒற்றுமை கிடையாது. குழந்தையின் கழுத்தை இரண்டும் வைக்கிற விதம்தான் ஒன்று.

தொட்டில் கட்டை இல்லாமல் கட்டிய ஏணையில் இன்னொரு சங்கடமும் சேரும். துணியின் இரண்டு ஓரமும் உள்பக்கம் சாய்ந்து முகத்தின் மேல் படியும். நைலான் சேலையென்றால் காற்றும் புகாது, முடிச்சும் வழுக்கும். ஆகவே கட்டுவதென்றால் பருத்திதான், கட்டை இருந்தே ஆக வேண்டும், அடிப்பகுதி தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் போகக்கூடாது, கீழே ஒரு பாய் விரிந்திருக்க வேண்டும். கொக்கியையும் கயிற்றையும் மாதம் ஒரு முறையாவது பெரியவர் ஒருவர் தொங்கி இழுத்துப் பார்க்க வேண்டும்.

ஏணையின் மிகப் பெரிய ஆபத்து கைக்குழந்தைக்கு இல்லை, அதன் அண்ணனுக்கும் அக்காவுக்கும்தான். ஐந்து வயதும் எட்டு வயதும் ஆன பிள்ளைகள் காலி ஏணையில் ஏறி ஊஞ்சல் ஆடுகிறார்கள், முறுக்கிச் சுற்றுகிறார்கள். முறுகிய துணி கழுத்தில் இறுகிக் குழந்தை இறந்தது என்ற செய்தி தமிழ்நாட்டு நாளிதழ்களில் ஆண்டுதோறும் ஏதோ ஓர் ஊரிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. பெற்றோர் வேலைக்குப் போயிருப்பார்கள், பள்ளி விடுமுறையாக இருக்கும், பக்கத்து அறையில் பாட்டி இருப்பார். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய இதே விவரம். இதைத் தடுக்கக் காசு வேண்டாம். கைக்குழந்தையைத் தூக்கியதும் ஏணையைக் கொக்கியிலிருந்து கழற்றி மடித்து வைத்தால் போதும். மேலே சுருட்டிக் கட்டிவைப்பது போதாது, எட்டு வயதுப் பிள்ளைக்கு முக்காலி போட்டு ஏறத் தெரியும்.

இனி கட்டில். சமமாக இருக்கும், உறுதியாக இருக்கும், நாலு பக்கமும் தடுப்பு இருக்கும். குழந்தை மல்லாந்து நேராகக் கிடக்கும், கழுத்து மடியாது. தாய் கண்ணயர்ந்துவிட்டாலும் அந்த நிலை மாறாது. இரவுக்குக் கட்டிலே மேல் என்று நான் சொல்வதற்கு இந்த ஒரு காரணம் போதும். ஏணையை ஆட்ட ஆள் விழித்திருக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு எந்தத் தாயால் முடியும்?

ஆனால் கட்டில் என்று பெயர் வைத்ததெல்லாம் பாதுகாப்பாகிவிடாது. ஏணையின் குறை அதன் வடிவிலேயே இருக்கிறது. கட்டிலின் குறை, பெரும்பாலும் நாம் வாங்கிச் சேர்ப்பவற்றில் வருகிறது. கடையில் அழகாகத் தெரிவதெல்லாம் ஆபத்துப் பட்டியலில் இருப்பவை: சுற்றிலும் கட்டிய பஞ்சு வைத்த பட்டை, சின்னத் தலையணை, கரடி பொம்மை, சாட்டின் போர்வை. பஞ்சுப் பட்டையையும் அமெரிக்கா அதே 2022 சட்டத்தில் தடை செய்தது, குழந்தை அதில் முகம் புதைத்து மூச்சு முட்டுவதால். தலை உருண்டையாக வர வேண்டும் என்று கடுகுத் தலையணை வைக்கிற வழக்கமும் வேண்டாம். முதல் ஓராண்டுக்குத் தலையணையே தேவையில்லை. தலை தட்டையாகாமல் இருக்க, விழித்திருக்கும் நேரத்தில் நம் கண்ணெதிரே பாயில் குப்புறப் போட்டு விளையாட விட்டால் போதும்.

மெத்தையில்தான் நம் வீடுகளில் தவறு அதிகம் நடக்கிறது. இலவம்பஞ்சு மெத்தை குளுமைதான், மறுக்கவில்லை. ஆனால் சில மாதங்களில் பஞ்சு உருண்டை உருண்டையாகத் திரண்டு நடுவில் பள்ளம் விழும். குழந்தை குப்புறப் புரளப் பழகுகிற நாலாவது ஐந்தாவது மாதத்தில், அந்தப் பள்ளத்தில் மூக்கு புதையும். உள்ளங்கையால் அழுத்திவிட்டு எடுத்தால் உடனே மேலே எழும்புகிற, கையின் அச்சு தங்காத மெத்தை வேண்டும். தேங்காய்நார் மெத்தைக்கு அந்த உறுதி உண்டு. மெத்தைக்கும் கட்டில் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் நுழைந்தால், அந்த மெத்தை அந்தக் கட்டிலுக்கு உரியதல்ல.

ஆசாரியிடம் சொல்லிச் செய்வதுண்டு. தேக்கிலும் வேம்பிலும், பண்ருட்டிப் பக்கத்துப் பலாவிலும் நல்ல கட்டில் அமையும். கடையில் வாங்குவதைவிட உறுதியாக, தலைமுறை தாண்டியும் நிற்கும். அளவை மட்டும் நாம் சொல்ல வேண்டும். குச்சிக்கும் குச்சிக்கும் இடையே 6 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. அதற்கு மேல் போனால் குழந்தையின் உடம்பு நழுவி வெளியே போய், தலை மாட்டிக்கொள்ளும். கால் மூலைகளில் குமிழ் கடைந்து வைப்பது ஆசாரிகளுக்குப் பிடித்த வேலை. அதில் குழந்தையின் சட்டையோ அரைஞாண் கயிறோ மாட்டும். மூலை மொழுமொழுவென்று முடிய வேண்டும். தலைமாட்டுப் பலகையில் பூ வடிவில் துளை போடுவதும் அப்படியே. அழகை வழவழப்பில் காட்டச் சொல்லுங்கள். ஒரு பக்கத் தடுப்பை மேலும் கீழும் இறக்குகிற மாதிரிச் செய்ய வேண்டாம். தடுப்பு கழன்று குழந்தைகள் சிக்கி 30-க்கும் மேற்பட்டோர் இறந்ததால், 2011-இல் அமெரிக்கா அந்த வகைக் கட்டிலின் விற்பனையையே நிறுத்தியது. அடிப்பலகையை மட்டும் இரண்டு உயரத்தில் பொருத்த முடிந்தால் நல்லது. குழந்தை எழுந்து உட்காரத் தொடங்கியதும் கீழே இறக்கிவிட வேண்டும். கொஞ்சம் நீளமாக, 140-க்கு 70 செ.மீ. அளவில் செய்தால், பிறகு தடுப்பை எடுத்துவிட்டு நாலைந்து வயதுவரை படுக்கவைக்கலாம். செலவுக்கு அஞ்சுகிறவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம்.

பல் முளைக்கும் காலத்தில் எந்தக் குழந்தையும் கட்டில் சட்டத்தைக் கடிக்காமல் விடாது. இந்தியாவில் வீட்டு உபயோக பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பெயர் தெரியாத டப்பாவையும் பழைய மிச்சத்தையும் அடிக்கவிடாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. பெயிண்டே இல்லாத, நன்றாக இழைத்த மரம் இன்னும் நல்லது.

ஈயம் பற்றிப் பேச்சு வந்ததால் செராமிக் வேலை பார்க்கிற வீடுகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். களிமண் கலவையின் உலர்ந்த தூசில் சிலிக்கா இருக்கிறது. உலகெங்கும் குறைந்த சூட்டில் சுடுகிற கிளேஸ்களிலும் சில வண்ணங்களிலும் ஈயம் சேர்க்கும் பழக்கம் இருந்துவந்திருக்கிறது. குழந்தையின் மூளைக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. வேலைக்குக் கட்டிப் போன சேலையை ஏணையாகக் கட்டக்கூடாது. வந்ததும் கை கால் கழுவி, உடை மாற்றிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்க வேண்டும். தூசு விஷயத்தில் ஏணைக்கும் கட்டிலுக்கும் ஏறக்குறைய சமமதிப்பெண்: ஏணைத் துணி தூசைப் பிடித்து வைக்கும், ஆனால் தினமும் துவைக்கலாம், கட்டில் சட்டத்தை ஈரத்துணியால் துடைத்தால் போதும், ஆனால் மெத்தையைத் துவைக்க முடியாது, மேலுறையைத்தான் மாற்ற முடியும்.

கட்டில் வாங்க வசதியில்லாத வீடு என்ன செய்வது? பின்லாந்து அரசு 1938 முதல் பிள்ளைப்பேற்றுக்கு ஓர் அட்டைப்பெட்டி கொடுத்துவருகிறது. முதலில் ஏழைத் தாய்மாருக்கு, 1949 முதல் எல்லாருக்கும். உள்ளே துணிமணிகளோடு ஒரு சின்ன மெத்தையும் இருக்கும்; பெட்டியே படுக்கையாகும். தமிழ்நாட்டிலும் 2015-இல் அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கு 16 பொருட்கள் கொண்ட பரிசுப் பெட்டகம் வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. அதில் குழந்தைப் படுக்கையும் கொசுவலையும் இருந்தன. சமதரையில் பாய், பாயின் மேல் உறுதியான சிறு விரிப்பு, மேலே கொசுவலை, பக்கத்தில் கையெட்டும் தூரத்தில் தாய் என்று அமைத்தால், பல ஆயிரம் ரூபாய்க் கட்டில் தருகிற பாதுகாப்பில் பெரும்பகுதி கிடைத்துவிடும். முதல் ஆறு மாதமாவது குழந்தை தாயின் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் தூங்க வேண்டும் என்பதே மருத்துவர்களின் அறிவுரை. குடித்துவிட்டோ மயக்க மருந்து சாப்பிட்டோ வந்தவர் பக்கத்தில் படுக்கவே கூடாது. சோபாவில் குழந்தையை நெஞ்சில் போட்டுக்கொண்டு கண்ணயர்வதும் அதே அளவு ஆபத்து.

ஆயாவின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். ஏணையில் வளர்ந்த லட்சக்கணக்கானோருக்கு ஒன்றும் ஆகவில்லை, உண்மைதான். ஆகிப்போன சிலர் அந்தக் கேள்வியைக் கேட்க இருக்க மாட்டார்கள். அதற்காக ஏணையை அவிழ்க்கச் சொல்ல மாட்டேன். பகலில், பெரியவர் கண் எதிரே, அழுகையை அமர்த்தவும் கண் சொருக வைக்கவும் ஏணை இருக்கட்டும். குழந்தை தானாகப் புரளவும் துணியைப் பிடித்து எழவும் தொடங்கிய வாரத்தோடு அதை நிறுத்திவிட வேண்டும். இரவுத் தூக்கமும், ஆள் பார்க்காத பகல் தூக்கமும் சமமான கட்டிலில், அல்லது சமமான பாயில்தான்.

"தூங்கின பிள்ளையை ஏணையிலிருந்து தூக்கினா முழிச்சுக்குமே" என்பார்கள். சில நாள் விழிக்கும், அழும், மறுபடி தட்டித் தூங்கவைக்க வேண்டியிருக்கும். அந்த அரைமணி நேரச் சிரமத்தை அப்பாக்களும் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளையைத் தூக்கி, மல்லாத்தி, சமமான இடத்தில் போடுங்கள்.