கொழுப்பு நானோ துகள்கள் (தோல் மருத்துவம்)

தோலில் பூசும் மருந்தைச் சுமந்து, தோலுக்குள்ளேயே தங்கவைக்கும் நுண்ணிய கொழுப்புத் துகள்கள். விட்டம் பெரும்பாலும் 50 முதல் 1000 நானோமீட்டர். தோலின் மேலே உள்ள செத்த செல் அடுக்கு 10 முதல் 20 மைக்ரோமீட்டர் தடிமன்தான். ஆனால் செல்களின் இடைவெளியில் செராமைடும் கொலஸ்டிராலும் கொழுப்பு அமிலங்களும் நிறைந்திருப்பதால் எதையும் எளிதில் உள்ளே விடாது. 500 டால்டனுக்கு மேற்பட்ட எடையுள்ள மூலக்கூறுகள் நல்ல தோலைக் கடப்பது அரிது. துகளும் கொழுப்பு என்பதால் இந்த அடுக்கில் ஒட்டி, மயிர்க்கால்களில் தங்கி, மருந்தைச் சிறுகச் சிறுக விடுகிறது. துகளே தோலைத் துளைத்துப் போவதாகச் சொல்லும் விளம்பரங்களை நம்ப வேண்டாம். உள்ளே போவது பெரும்பாலும் மருந்து மட்டுமே.

1980இல் கனடாவின் டல்ஹௌசி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மெசெய், குலசேகரம் இருவரும் டிரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டை லைப்போசோம் என்ற கொழுப்புச் சுவருள்ள நுண்குமிழில் அடைத்து முயல்களின் தோலில் பூசினர். சாதாரண லோஷனைவிட நான்கைந்து மடங்கு மருந்து தோலில் தங்கியது. இத்துறை அங்கிருந்துதான் வளர்ந்தது. 1990களில் திடக் கொழுப்புத் துகள்கள் வந்தன. திடக் கொழுப்பு நாளடைவில் ஒழுங்காகப் படிகமாகி மருந்தை வெளியே தள்ளியதால், பின்னர் எண்ணெயும் கலந்தார்கள். இந்தியாவில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் ஓ.பி. கட்டாரே குழு, எரிச்சலும் கறையும் தரும் பழைய சொரியாசிஸ் மருந்தான டித்ரனாலை லைப்போசோமில் ஏற்றியது. பூஞ்சைக்கான ஆம்ஃபோடெரிசின் 924 டால்டன் எடையுள்ளது. அதுவும் இங்கே லைப்போசோம் ஜெல்லாக வந்திருக்கிறது.

விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் உப்பளங்கள் போன்ற இடங்களில் இந்த மருந்துகளுக்குக் கடுமையான சோதனை காத்திருக்கிறது. உப்பு விளையும் பாத்தியில் நீரின் அடர்த்தி ஏறத்தாழ 25 டிகிரி போமே (உப்பு நீரின் அடர்த்தியை அளக்கும் அலகு). அதில் நின்று உப்பு வாருபவரின் பாதத்தோல் ஈரம் இழந்து வெடிக்கும். படிகங்களின் கூர்முனை அந்த வெடிப்பை மேலும் கிழிக்கும். தடுப்பு அடுக்கே உடைந்த தோலில், நல்ல தோலில் அளந்ததைவிட அதிக மருந்து இறங்கும். ஸ்டீராய்டாக இருந்தால் அது ஆபத்து. உப்பும் துகளுக்குப் பகை. பல துகள்கள் மேற்பரப்பு மின்னூட்டத்தால் ஒன்றையொன்று விலக்கியே பிரிந்து நிற்கின்றன. உப்பின் அயனிகள் அந்த விலக்கத்தைத் தணித்ததும் திரண்டுவிடும். எனவே பூசுமுன் நல்ல தண்ணீரில் கால் கழுவித் துடைப்பது மருந்தின் பாதி வேலை. மின்னூட்டத்தை மட்டும் நம்பாமல் பொலாக்சமர் போன்ற பாலிமர் உறை இட்ட துகள்கள் உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும். கோடை வெயிலுக்குக் கொழுப்பையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். கிளிசரில் பெஹினேட் என்ற கொழுப்பு ஏறத்தாழ 70 டிகிரி செல்சியஸில்தான் உருகும்.