கம்பைலர் படிக்காத அந்த ஒரு வரி

இந்த எபிசோட்ல ஒரு பழைய சண்டையோட வரலாற்றைப் பார்க்கப் போறோம். சி நிரலுக்கு நடுவுல நாம எழுதுற அசெம்பிளி வரிக்கும், கம்பைலருக்கும் நடக்கிற சண்டை. மைக்ரோகண்ட்ரோலர்ல வேலை பார்க்கிறவங்க கேட்டிருப்பீங்க: "ஆப்டிமைசேஷனை ஆஃப் பண்ணா ஓடுது, ஆன் பண்ணா ஓடலை." பழி நேரா கம்பைலர் மேல விழும். ஆனா பல நேரம் பிரச்சினை, நாம அதுகிட்ட சொல்லாம விட்ட விஷயத்துலதான் இருக்கு.

1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி சி மொழியை உருவாக்கினார். அன்றைய கம்பைலர்கள் பெரும்பாலும் நாம எழுதின வரிசையிலேயே இயந்திரக் கட்டளைகளைத் தந்தன. கொஞ்ச நேரம் காத்திருக்கணுமா? ஒரு காலி லூப் போட்டா போதும்.

1987-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் ஜிசிசியை வெளியிட்டார். அதுவும் ரொம்ப நாள் காலி லூப்பை நீக்காம விட்டு வெச்சது. காரணத்தை ஜிசிசி கையேடே சொல்லுது: காலி லூப் போட்டவர் தாமதத்துக்காகத்தான் போட்டிருப்பார்னு ஒரு அனுமானம். அப்புறம் ஆப்டிமைசர் பலமானதும் அந்தச் சலுகை போச்சு. ஏன்னா சி மொழியின் விதிகளில் 'நேரம்'னு ஒன்னு கிடையாது. விடை சரியா வந்தா போதும், எப்போ வந்ததுங்கிறது கணக்கில் இல்லை.

1989-ல் வந்த ஆன்சி தரநிலை 'வாலடைல்' என்ற சொல்லைத் தந்தது. இந்த மாறியை ஒவ்வொரு தடவையும் நிஜமாவே படி, நிஜமாவே எழுது என்று அர்த்தம். ஆனா வாலடைல் வேலைகளுக்குள்ளதான் வரிசை மாறாது. சுத்தி இருக்கிற சாதாரண வரிகளுக்கு அந்தக் காவல் இல்லை.

இன்லைன் அசெம்பிளியில் இது இன்னும் கூர்மையாகுது. ஜிசிசிக்கு உங்க அசெம்பிளி வரி வெறும் எழுத்துச் சரம். அது என்ன செய்யும்னு ஜிசிசிக்குப் புரியாது. எதை உள்ளே எடுக்குது, எதை வெளியே தருது, எதைக் கெடுக்குது என்று நீங்க எழுதிக்கொடுத்த பட்டியல் மட்டும்தான் அதுக்குத் தெரியும்.

ஏவிஆர் சிப்பை எடுத்துக்கோங்க. 8 பிட் செயலி. 16 பிட் எண்ணை இரண்டு தவணையா படிக்கணும். எண் 255-ல் இருக்கு, கீழ் பைட்டைப் படிச்சாச்சு. அந்த நொடியில் இன்டரப்ட் வந்து அதை 256 ஆக்கிடுது. மேல் பைட்டைப் படிச்சா கையில் கிடைப்பது 511! இதைத் தவிர்க்கத்தான் முதலில் 'சிஎல்ஐ' கட்டளையால் இன்டரப்டை நிறுத்துறோம்.

ஆனா சிஎல்ஐ-யை வெறும் அசெம்பிளி வரியா எழுதினா, சாதாரண மாறியைப் படிக்கிற வேலையைக் கம்பைலர் அதுக்கு முன்னாடியே முடிச்சிடலாம். அதனால 'மெமரி'ன்னு க்ளாபர் பட்டியலில் சேர்க்கணும். அப்போ நினைவக வேலைகள் அந்த வரியைத் தாண்டாது.

இதோட முடிஞ்சுதா? இல்லை. சிஎல்ஐ-க்கு முன்னாடி ஒரு வகுத்தல் எழுதியிருக்கீங்க. அது ரெஜிஸ்டருக்குள்ளேயே நடக்கிற கணக்கு, நினைவகத்தைத் தொடலை. விடை பின்னாடிதானே தேவைன்னு கம்பைலர் அதை சிஎல்ஐ-க்குப் பிறகு தள்ளிடலாம். ஏவிஆரில் வகுத்தல் கட்டளையே இல்லை, மென்பொருளில்தான் செய்யணும். ஏறத்தாழ 200 சைக்கிள் ஆகும். 16 மெகாஹெர்ட்ஸில் 12.5 மைக்ரோவினாடி. அவ்வளவு நேரம் இன்டரப்ட் தடைபட்டு நிக்கும். விடை சரியாத்தான் வரும். நேரத்தை நம்பி ஓடுற மோட்டாருக்கோ சென்சாருக்கோ அது போதாது.

இதுக்கு வழி: வகுத்தல் விடையை, சிஎல்ஐ-க்கு முன்னாடி ஒரு காலி வாலடைல் அசெம்பிளி வரிக்கு உள்ளீடா கொடுங்க. விடை இல்லாம அந்த வரியைத் தாண்ட முடியாதுன்னு கம்பைலருக்கு அப்போ தெரிஞ்சிடும். அதுக்கப்புறம் ஆப்ஜ்டம்ப்பில் வெளியீட்டைப் பிரிச்சுப் பாருங்க.

2011-ல் வந்த சி தரநிலை இன்டரப்ட் மாதிரி இடங்களுக்கு வேலிகளை மொழிக்குள்ளேயே கொண்டுவந்தது. ஆனா அதுலயும் நேரத்துக்கு இடமில்லை. ஆகவே வரிசை முக்கியம்னா எழுதிக்கொடுங்க. எழுதாததைக் கம்பைலர் ஊகிக்கும்னு நம்பின காலம், காலி லூப்போட போயிடுச்சு.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.