உண்ணிச்செடியில் உருவான யானைகள்: காட்டுயிர்க் கலை காட்டுக்கு என்ன தருகிறது?

பிரேசர் டவுன் (பெங்களூரு): அழிவின் விளிம்பில் உள்ள விலங்குகளைக் காக்க நிதி திரட்டும் நோக்கில் ஓவியங்களும் சிற்பங்களும் உலகின் பல நகரங்களில் காட்சிக்கு வைக்கப்பட்டு, விற்பனை செய்யப்படுகின்றன. இத்தகைய கலை முயற்சிகளில் குறிப்பிடத்தக்க ஒன்றைப் பெங்களூரு மக்கள் 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் லால்பாக் தாவரவியல் பூங்காவில் கண்டனர். நிஜ யானைகளின் அளவிலேயே செய்யப்பட்ட யானைச் சிற்பங்கள் பூங்காவின் மரங்களுக்கிடையே கூட்டமாக நிறுத்தப்பட்டிருந்தன. காடுகளை ஆக்கிரமித்துள்ள உண்ணிச்செடியின் தண்டுகளைக் கொண்டு, யானைகளுக்கு அருகிலேயே வாழும் பழங்குடி மக்கள் அவற்றை உருவாக்கியிருந்தனர்.

புலிகேசி நகர் என்ற அதிகாரப்பூர்வப் பெயர் கொண்ட பிரேசர் டவுன் உள்ளிட்ட கன்டோன்மென்ட் பகுதிகளில் தலைமுறைகளாக வாழும் தமிழர்களுக்கு நீலகிரி, கூடலூர், முதுமலை ஆகிய பெயர்கள் புதியவை அல்ல. லால்பாக்கில் நின்ற யானைகளின் பூர்வீகமும் அந்தக் காடுகளே. இந்தச் சிற்பங்கள் எவ்வாறு உருவாகின்றன, அவற்றால் கிடைக்கும் பணம் யாரைச் சென்றடைகிறது, கலையால் ஒரு விலங்கைக் காக்க முடியுமா என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

அழகுக்காக வந்த அந்நியச் செடி

லண்டானா எனப்படும் உண்ணிச்செடியின் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. மஞ்சள், ஆரஞ்சு, இளஞ்சிவப்பு நிறங்களில் கொத்துக் கொத்தாகப் பூக்கும் இச்செடியை, ஆங்கிலேயர்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டங்களை அழகுபடுத்துவதற்காக இந்தியாவுக்குக் கொண்டுவந்தனர். தோட்ட வேலியைத் தாண்டிய செடி காட்டுக்குள் பரவியது. இதன் சிறு பழங்களை உண்ணும் பறவைகள் விதைகளைத் தொலைதூரங்களுக்கு எடுத்துச் சென்றன. வெட்டினாலும் தீயிட்டாலும் மீண்டும் துளிர்க்கும் தன்மை இதன் பரவலுக்குத் துணையானது.

இந்திய வனவிலங்கு நிறுவன அறிவியலாளர்கள் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி, நாட்டில் புலிகள் வாழும் காட்டுப்பரப்பில் 40 சதவீதத்துக்கும் அதிகமான பகுதியில், அதாவது சுமார் 1.54 லட்சம் சதுர கிலோமீட்டரில், உண்ணிச்செடி ஊடுருவியுள்ளது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பளவே ஏறத்தாழ 1.30 லட்சம் சதுர கிலோமீட்டர் என்பதுடன் ஒப்பிட்டால் இதன் தீவிரம் விளங்கும்.

ஆளுயரத்துக்கும் மேலாக அடர்ந்து வளரும் உண்ணிச்செடிப் புதர்களின் அடியில் புல் முளைப்பதில்லை. இலைகளில் நச்சுத்தன்மை இருப்பதால் தாவர உண்ணிகளுக்கு அவை தீவனமாகப் பயன்படுவதும் இல்லை. வளர்ந்த யானை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ தீவனம் தேவைப்படும் நிலையில், காட்டுக்குள் புல்வெளிகள் சுருங்குவது அவற்றின் நடமாட்டத்தைப் பாதிக்கிறது. கோடைக்காலத்தில் காய்ந்த புதர்கள் காட்டுத்தீக்கு எரிபொருளாகின்றன. பாதையோரப் புதர்கள் யானையை மறைத்துவிடுவதால், வேலைக்குச் செல்வோர் மிக அருகில் எதிர்பாராமல் யானையைச் சந்திக்க நேரிடும் ஆபத்தும் உண்டு.

தண்டு யானையாகும் விதம்

இந்தச் சிற்பங்களுக்குப் பின்னால் உள்ள அமைப்பு, நீலகிரி மாவட்டம் கூடலூர் பகுதியை மையமாகக் கொண்டு இயங்கும் 'தி ரியல் எலிஃபண்ட் கலெக்டிவ்'. யானை ஆய்வாளர் தர்ஷ் தெக்கேக்கரா, வடிவமைப்பாளர் ஷுப்ரா நாயர் உள்ளிட்டோர் இணைந்து இதனை உருவாக்கினர். பிரிட்டனைச் சேர்ந்த 'எலிஃபண்ட் ஃபேமிலி' தொண்டு நிறுவனம் இம்முயற்சியில் கைகோத்தது. 2002ஆம் ஆண்டு அந்நிறுவனத்தைத் தொடங்கியவர் எழுத்தாளர் மார்க் ஷாண்ட்.

முதலில், ஆய்வாளர்களும் உள்ளூர் மக்களும் நன்கறிந்த ஒரு காட்டு யானை மாதிரியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறது. அதன் உயரம், முதுகின் வளைவு, காதின் விளிம்பு, தந்தத்தின் அமைப்பு ஆகியவற்றைப் பின்பற்றி இரும்புக் கம்பிகளால் சட்டகம் அமைக்கப்படுகிறது. காட்டிலிருந்து வெட்டிக் கொண்டுவரப்படும் உண்ணிச்செடித் தண்டுகளைக் கொதிநீரில் வேகவைத்து, பட்டை உரிக்கின்றனர். சூட்டில் இளகிய தண்டுகளைச் சட்டகத்தின் மீது வளைத்து, தசையின் போக்கை ஒட்டி நெருக்கமாகப் பொருத்துகின்றனர். உண்ணிச்செடித் தண்டு உறுதியானது. கரையானை எளிதில் அண்டவிடாதது. எனவே திறந்தவெளியிலும் சிற்பம் நீண்ட நாள் தாங்குகிறது.

பெட்டகுரும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் ஆகிய பழங்குடிச் சமூகங்களைச் சேர்ந்த சுமார் 200 கைவினைஞர்கள் இப்பணியில் ஈடுபட்டுள்ளனர். யானை எவ்வாறு திரும்பும், குட்டி எந்தப் பக்கம் ஒதுங்கி நிற்கும், கோபத்தில் காது எவ்வாறு விரியும் என்பதெல்லாம் அவர்களது அன்றாட அனுபவம். சிற்பங்களில் காணப்படும் உயிரோட்டத்துக்கு இந்த அனுபவமே அடிப்படை.

உண்ணிச்செடியைக் கைவினைப் பொருளாக்கும் முயற்சி கர்நாடகத்துக்கும் புதிதல்ல. பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட 'ஏட்ரீ' எனப்படும் அசோகா சூழலியல் ஆய்வு அறக்கட்டளை, சாமராஜநகர் மாவட்டம் மலை மாதேஸ்வரா மலைப் பகுதியில் வாழும் சோளகர் மக்களுக்கு உண்ணிச்செடியில் நாற்காலி, மேசை முதலியவற்றைச் செய்யும் பயிற்சியைப் பல ஆண்டுகளுக்கு முன்பே வழங்கியது. மூங்கில் கிடைப்பது அரிதான சூழலில், அதற்கு மாற்றாக இத்தண்டுகள் பயன்படத் தொடங்கின.

லண்டன் முதல் லாஸ் ஏஞ்சல்ஸ் வரை

2021ஆம் ஆண்டு கோடைக்காலத்தில், லண்டன் மாநகரின் கிரீன் பார்க், செயின்ட் ஜேம்ஸ் பார்க் உள்ளிட்ட பூங்காக்களில் உண்ணிச்செடி யானைகள் நிறுத்தப்பட்டன. மனிதர்களும் விலங்குகளும் ஒரே நிலத்தைப் பகிர்ந்து வாழ்வது குறித்த விழிப்புணர்வே அக்கண்காட்சியின் கருப்பொருள்.

பெங்களூரு கண்காட்சியைத் தொடர்ந்து, 2024ஆம் ஆண்டு ஜூலை மாதம் 'மாபெரும் யானை இடப்பெயர்ச்சி' என்ற பொருள்படும் பெயரில் 100 யானைகளின் அமெரிக்கப் பயணம் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் நியூபோர்ட் நகரில் தொடங்கியது. நியூயார்க், மயாமி பீச், ஹூஸ்டன் ஆகிய நகரங்களைக் கடந்து, 2025ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் அப்பயணம் நிறைவடைந்தது.

இச்சிற்பங்கள் அங்கு விற்பனைக்கும் வைக்கப்பட்டன. குட்டி யானைக்கு 8,000 டாலர், தந்தமுள்ள ஆண் யானைக்கு 22,000 டாலர் என்ற அளவில் விலை நிர்ணயிக்கப்பட்டது. கைவினைஞர்களுக்கு இதன் மூலம் வருவாய் கிடைப்பதுடன், மனித - விலங்கு மோதலைக் குறைக்கப் பாடுபடும் அமைப்புகளுக்கும் நிதி சென்றடையும் வகையில் திட்டம் வகுக்கப்பட்டது.

பந்திப்பூர் காலத்து ஓவியம்

கலையை விற்று விலங்கைக் காக்கும் எண்ணத்துக்கு அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அதில் முன்னோடியாகக் கருதப்படுபவர் பிரிட்டிஷ் ஓவியர் டேவிட் ஷெப்பர்ட் (1931-2017). ஆப்பிரிக்காவில், நஞ்சூட்டப்பட்ட நீர்நிலையைச் சுற்றி 255 வரிக்குதிரைகள் இறந்துகிடந்ததைக் கண்டது, தம்மைக் காட்டுயிர்ப் பாதுகாப்பின் பக்கம் திருப்பியதாக அவர் கூறிவந்தார்.

1973ஆம் ஆண்டு அவர் வரைந்த 'டைகர் ஃபயர்' என்ற புலி ஓவியத்தின் மூலம் ஏறத்தாழ 1.27 லட்சம் பவுண்டு திரட்டப்பட்டு, இந்தியாவில் புலிகளைக் காக்கும் முயற்சிக்கு வழங்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி பிரதமர் இந்திரா காந்தியின் ஆட்சிக்காலத்தில் 'புலிகள் பாதுகாப்புத் திட்டம்' தொடங்கப்பட்டபோது, முதலில் அறிவிக்கப்பட்ட 9 காப்பகங்களில் கர்நாடகத்தின் பந்திப்பூரும் இடம்பெற்றது. பந்திப்பூரை ஒட்டியுள்ளது முதுமலை. முதுமலையை அடுத்துள்ளது கூடலூர். அரை நூற்றாண்டு கழித்து உண்ணிச்செடி யானைகள் புறப்பட்டதும் அதே காட்டுத் தொடரிலிருந்துதான். ஷெப்பர்ட் 1984ஆம் ஆண்டு தம் பெயரில் நிறுவிய அறக்கட்டளை இன்றும் காட்டுயிர் ஓவியர்களுக்கான போட்டிகளை நடத்தி நிதி திரட்டி வருகிறது.

மற்றொரு முயற்சி 'எலிஃபண்ட் பரேட்'. தாய்லாந்தில் கண்ணிவெடியில் கால் இழந்த மோஷா என்ற குட்டி யானையைக் கண்டு, மார்க் ஸ்பிட்ஸ், மைக் ஸ்பிட்ஸ் என்ற தந்தையும் மகனும் தொடங்கிய இந்தக் கண்காட்சி, 2007ஆம் ஆண்டு நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் முதன்முதலில் நடைபெற்றது. ஒரே அச்சில் வார்த்த யானைக்குட்டி பொம்மைகளின் மீது வெவ்வேறு கலைஞர்கள் வண்ணம் தீட்டுவதும், பின்னர் அவை ஏலம் விடப்படுவதும் அதன் வழக்கம்.

இவ்விரண்டிலிருந்தும் உண்ணிச்செடி யானைகள் ஒரு வகையில் வேறுபடுகின்றன. முந்தைய முயற்சிகளில் கலைஞர் ஓரிடத்திலும் விலங்கு வேறோர் இடத்திலும் இருந்தனர். பணம் மட்டும் இடையே பயணித்தது. இங்கு மூலப்பொருள் காட்டிலிருந்தே எடுக்கப்படுகிறது. யானையால் ஏற்படும் இழப்பை நேரடியாகச் சந்திக்கும் மக்களே கலைஞர்களாகவும் உள்ளனர்.

யானைகளின் இன்றைய நிலை

ஆசிய யானையை 'அழிவின் ஆபத்தில் உள்ள' இனமாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1986ஆம் ஆண்டு முதல் வகைப்படுத்தியுள்ளது. உலகின் காட்டு ஆசிய யானைகளில் பாதிக்கும் மேற்பட்டவை இந்தியாவில் வாழ்கின்றன. 2025 அக்டோபரில் வெளியிடப்பட்ட, மரபணு அடிப்படையிலான நாட்டின் முதல் கணக்கெடுப்பு, யானைகளின் எண்ணிக்கையை 22,446 என மதிப்பிட்டது. 6,013 யானைகளுடன் கர்நாடகம் முதலிடத்தில் உள்ளது. தமிழ்நாட்டில் 3,136 யானைகள் உள்ளன. 2017ஆம் ஆண்டின் மதிப்பீடு 29,964 ஆக இருந்தபோதிலும், இரு கணக்கெடுப்புகளின் முறைகளும் வேறு என்பதால் அவற்றை நேரடியாக ஒப்பிட இயலாது.

யானைகளால் இந்தியாவில் அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்குச் சுமார் 500 முதல் 600 பேர் வரை உயிரிழக்கின்றனர். மறுபுறம், மின்வேலியில் சிக்கியும் ரயிலில் அடிபட்டும் நஞ்சூட்டப்பட்டும் யானைகள் மடிகின்றன. உயிரிழக்கும் மனிதர்களில் பெரும்பாலோர் சிறு விவசாயிகள், தோட்டத் தொழிலாளர்கள், பழங்குடியினர். யானை வாழ வேண்டும் என்று நகரம் விரும்புகிறது. அதன் விலையைக் கிராமம் செலுத்துகிறது. இந்த இடைவெளியைக் குறைக்காத எந்தப் பாதுகாப்புத் திட்டமும் நிலைப்பது கடினம்.

கலையால் முடிவதும் முடியாததும்

சிற்பம் செய்வதற்காக வெட்டப்படும் உண்ணிச்செடி, 1.54 லட்சம் சதுர கிலோமீட்டர் பரவலுடன் ஒப்பிடும்போது மிகச் சொற்பமே. மேலும், தண்டை மட்டும் வெட்டினால் செடி மீண்டும் தழைக்கும். அதை முற்றாக அகற்ற, டெல்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர்.பாபு குழுவினர் உருவாக்கிய முறை பரவலாகப் பின்பற்றப்படுகிறது. மண்ணுக்குச் சற்றுக் கீழே முதன்மை வேரை வெட்டி, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிட வேண்டும். பின்னர் முளைக்கும் நாற்றுகளைத் தொடர்ந்து களைந்து, அந்த இடத்தில் உள்நாட்டுப் புற்களையும் மரங்களையும் வளர்க்க வேண்டும். இது பல ஆண்டுகள் நீடிக்கும் பணி. தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டு அந்நியக் களைத் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்டெடுப்பதற்கெனத் தனிக் கொள்கையை வெளியிட்டதும் இந்தப் பின்னணியில்தான்.

ஆகவே, சிற்பங்கள் மட்டுமே காட்டை மீட்டுவிடும் எனக் கருத இயலாது. ஆயினும் அவை மூன்று பயன்களைத் தருகின்றன. பயனற்றது எனக் கருதப்பட்ட களைக்கு விலை கிடைப்பதால், அதை அகற்றும் பணிக்குக் கூலி கொடுக்க வழி பிறக்கிறது. விலங்கால் பாதிக்கப்படும் குடும்பத்துக்கு அதே விலங்கின் உருவம் வருவாய் ஈட்டித் தருகிறது. மேலும், 'காட்டு யானை அட்டகாசம்' என்ற செய்தித் தலைப்பின் வழியாக மட்டுமே யானையை அறிந்த நகரவாசி, அதற்கும் குடும்பமும் வழித்தடமும் உண்டு என்பதை நேரில் உணர்கிறார்.

வாங்குவோர் கேட்க வேண்டியவை

காட்டுயிர்ப் பாதுகாப்பின் பெயரில் விற்கப்படும் ஓவியத்தையோ சிற்பத்தையோ வாங்க விரும்புவோர் சில விவரங்களைக் கேட்டறிவது நல்லது:

* விற்பனைத் தொகையில் எத்தனை சதவீதம் பாதுகாப்புப் பணிக்குச் செல்கிறது?

* பணத்தைப் பெறும் அமைப்பு எது, அது எந்தக் காட்டுப்பகுதியில் என்ன பணி செய்கிறது?

* பொருளைச் செய்த கைவினைஞருக்கு உரிய கூலி வழங்கப்பட்டதா?

* மூலப்பொருள் எங்கிருந்து எடுக்கப்பட்டது? தந்தம், மான் கொம்பு போன்ற காட்டுயிர்ப் பாகங்கள் பயன்படுத்தப்பட்டிருந்தால், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றை விற்பதும் வாங்குவதும் குற்றமாகும்.

இக்கேள்விகளுக்குத் தெளிவான விடை தரும் விற்பனையாளரிடம் வாங்கும் பொருளே, பாதுகாப்புக்கு உதவுகிறது என்ற பெயருக்குத் தகுதியானது.

பெங்களூருவைப் பொறுத்தவரை யானை தொலைதூர விலங்கு அல்ல. நகரின் தெற்கு எல்லையில் உள்ள பன்னேர்கட்டா தேசியப் பூங்காவிலிருந்து தளி, ஓசூர் வனப்பகுதிகளுக்கு யானைகள் இன்றும் மாநில எல்லையைக் கடந்து சென்று வருகின்றன. அந்தப் பாதையில் வீட்டுமனைகளும் சாலைகளும் ஆண்டுதோறும் பெருகி வருகின்றன. லால்பாக்கில் நின்ற யானைகள் கண்காட்சி முடிந்ததும் லாரிகளில் ஏற்றிச் செல்லப்பட்டன. பன்னேர்கட்டா யானைகளுக்கோ நடந்து செல்ல வழி தேவைப்படுகிறது.