கணினிக்குத் திரி வைத்த கதை

சிவகாசிப் பக்கத்திலே பிறந்து வளர்ந்தவனுக்குத் திரியைப் பற்றி எவரும் பாடம் நடத்த வேண்டுவதில்லை. பட்டாசினுள் அடைத்த மருந்துக்குத் தானாக எரியும் வழக்கம் கிடையாது. தீக்குச்சியின் சிறு பொறி திரியைப் பற்றுகிறது. திரி மருந்தைப் பற்றுகிறது. சரவெடியிலே அந்தத் தீ ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி ஓடுவதைச் சிறு பிள்ளைகளும் அறிவர். மாணவ நண்பர்களே, கணினியும் ஏறக்குறைய இவ்வாறுதான் விழித்தெழுகிறது என்றால் நம்புவீர்களா?

விசையை அழுத்திய கணத்தில் கணினிக்கு ஒன்றும் தெரியாது. விசைப்பலகை எது, திரை எது, கோப்பு எங்கே என்பவற்றையெல்லாம் அறிந்து ஆள்வது இயங்குதளம் என்னும் பெரிய ஆணைத்தொகுப்பு. அதுவோ வன்தட்டிலே உறங்கிக் கிடக்கிறது. அதனை எழுப்புவதற்கும் ஓர் ஆணை வேண்டும். அந்த ஆணையை எழுப்புவது எது? இச்சிக்கலைத் தீர்க்கவே, அழியாத சில்லு ஒன்றில் மிகச் சிறிய தொகுப்பொன்றைப் பொறித்து வைத்தார்கள். 1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். தனிக்கணினியில் அச்சிறு தொகுப்பு, வட்டின் தொடக்கத்திலுள்ள 512 பைட்டுகளை மட்டும் படிக்கும். அந்த 512 பைட்டுகள் தம்மினும் பெரிய ஒன்றை அழைக்கும். அது இயங்குதளத்தை அழைக்கும். இன்றைய கணினிகளில் முறை மாறியிருக்கிறது, சங்கிலி மாறவில்லை.

வன்தட்டு வெறுமையாயிருந்தால்? அப்போது தீ வெளியிலிருந்துதான் வரவேண்டும். அதனை எதில் வைத்து எடுத்து வந்தார்கள் என்பதே நான் சொல்லவந்த வரலாறு.

கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு 1963-இல் ஐ.பி.எம். 1620 வந்த காலத்தில், துளையிட்ட அட்டைகளே கணினிக்கு ஆணைகளைச் சுமந்து சென்றன. அட்டைக்கட்டு கைதவறி விழுந்து வரிசை குலைந்ததோ, அன்றைய பொழுது போயிற்று. பத்தாண்டு கழித்து, 1973-இல், சென்னைத் தொழில்நுட்பக் கழகத்தில் ஐ.பி.எம். 370 குடும்பத்தைச் சேர்ந்த பெரிய கணினியொன்று நிறுவப்பெற்றது. அந்தக் குடும்பத்தில்தான் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. அதன் சில இயந்திரங்கள், தம் அடிப்படை ஆணைகளை ஒவ்வொரு முறையும் வெளியிலிருந்து பெற்றுக்கொள்ள வேண்டியிருந்தன. அவ்வாணைகளைத் திருத்தி வாடிக்கையாளருக்கு அஞ்சலில் அனுப்பத்தக்க மலிவான பொருளொன்று வேண்டுமென்று ஐ.பி.எம். பொறியாளர் தேடினர். 1971-இல் பிறந்தது எட்டங்குல நெகிழ்வட்டு. அதில் அடங்கியது ஏறத்தாழ 80 கிலோபைட். வாங்கியவர் படிக்கலாமேயன்றி எழுத முடியாது. கடிதம் எழுதவும் கணக்கு வைக்கவும் பிற்காலத்தில் நாம் பயன்படுத்திய நெகிழ்வட்டு, கணினியை எழுப்புவதற்கென்றே பிறந்தது என்பதை இன்று எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்னும் இயங்குதளக் கருவை வெளியிட்டார். இரண்டாண்டு கழித்து அதனையொட்டி வெளிவந்த ஸ்லாக்வேர் இருபதுக்கும் மேற்பட்ட நெகிழ்வட்டுகளில் பரவியிருந்தது. பதினெட்டாம் வட்டு பழுதானால் பதினேழு வட்டுகளின் உழைப்பும் வீண்! 1995-இல் குறுந்தகட்டிலிருந்தே கணினியை எழுப்பும் நெறிமுறை வகுக்கப்பட்டது. அதை வகுத்த பொறியாளர் இருவரும் கலிபோர்னியாவில் அமர்ந்து பேசிய உணவகத்தின் பெயரான 'எல் டொரிட்டோ' என்பதையே அதற்கும் சூட்டினர். ஒரு குறுந்தகடு நானூற்றைம்பது நெகிழ்வட்டுகளுக்கு ஈடு. பின்னர் யு.எஸ்.பி. வந்தது, 1996-இல் வெளியான அந்த நெறிமுறையை உருவாக்கியவர்களுள் வடோதராவில் கல்வி பயின்ற அஜய் பட் குறிப்பிடத்தக்கவர். 2000-இல் அதனோடு இணையும் பென் டிரைவ் கடைக்கு வந்தது.

கருவி சிறுத்தது போதுமா? அதில் வைத்துக் கொடுக்கும் உரிமையும் வேண்டுமன்றோ! அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுவந்து சிவகாசியில் ஊன்றினார்கள். கற்ற தொழிலைப் பிறர்க்குக் கற்பிக்கத் தடையிருந்தால் இந்தக் கந்தக பூமி என்னவாகியிருக்கும்? லினக்ஸை எவரும் படியெடுக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் கொடுக்கலாம். அந்த உரிமையைக் கொண்டு சென்னையில் சி-டாக் நிறுவனம், டெபியன் என்னும் லினக்ஸ் வகையை அடித்தளமாகக் கொண்டு, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு இடமளிக்கும் பாஸ் என்ற இயங்குதளத்தை 2007-இல் வெளியிட்டது. 2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, தொடக்க ஆண்டுக் கணினிகளில் விண்டோஸும் பாஸும் அருகருகே இருந்தன. நான் கண்டவரையில் பாஸ் பக்கம் எட்டிப் பார்த்த மாணவர் சிலரே. அவர்களை மட்டும் குறைசொல்ல எனக்கு மனமில்லை. சொல்லிக்கொடுத்த ஆசிரியரும் சிலரே.

இனி, என் அறியாமையின் வரலாறு ஒன்று. 2009-ஆம் ஆண்டு ஆடி மாதம், சிவகாசியில் நண்பரொருவரின் அச்சகத்தில் கணினிக்குப் புதிய இயங்குதளம் இடச் சென்றேன். ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டு நாட்காட்டிகளின் மாதிரி ஆல்பம் வெளியிடுவது அவ்வூர் வழக்கம். கணினியில் ஒரே அளவுள்ள வன்தட்டுகள் இரண்டு இருந்தன: ஒன்றில் பழைய இயங்குதளம், மற்றதில் நாட்காட்டிப் படங்கள். எங்கே நிறுவுவது என்று திரை கேட்டது. பட்டியலில் முதலில் நின்றதே பழைய இயங்குதளத்தின் தட்டு என்று நானே முடிவுகட்டி, 'முழுத் தட்டையும் பயன்படுத்து' என்பதை அழுத்தினேன். அரைமணி நேரத்தில் புதிய இயங்குதளம் அழகாக எழுந்தது. உரிமையாளர் வந்து பார்த்தார்.

"தம்பி, முருகன் படமெல்லாம் எங்கே?"

"அண்ணாச்சி... தட்டு மாறிப்போச்சு."

அவர் சினக்கவில்லை. சுவரைப் பார்த்துவிட்டு, "ஆடிப்பெருக்குக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கு" என்றார். அந்தச் சொல்லைவிட அடி தேவலை. பாதிப் படங்களை மீட்பு மென்பொருள் கொண்டு எடுத்தோம். சிலவற்றைப் பழைய குறுந்தகடுகளில் தேடிப் பிடித்தோம். எஞ்சியவற்றை ஓவியர் இருவர் இரவெல்லாம் விழித்திருந்து வரைந்தனர். ஆல்பம் உரிய நாளில் வெளிவந்தது, இரண்டு பக்கங்கள் குறைவாக. அந்த இரு படங்களும் பின்னர் கிடைக்கவேயில்லை.

2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லு பழைய மடிக்கணினிகள் பலவற்றில் இல்லை. அத்தகைய ஒன்றை, அண்ணனுக்கு அரசு கொடுத்ததை, விருதுநகர் மாணவி ஒருத்தி என்னிடம் எடுத்து வந்தாள். லினக்ஸின் படிமக் கோப்பைப் பென் டிரைவுக்குள் சும்மா நகலெடுத்து வைத்திருந்தாள்; கணினி அதனைக் கண்டுகொள்ளவில்லை. கோப்பாக வைத்தால் அது பெட்டிக்குள் பூட்டிய திரி. தொடக்கம் முதல் இறுதிவரை பென் டிரைவின் மேல் அப்படியே பதிப்பதற்கென்று தனி மென்பொருள் உண்டு. அதனைக் கொண்டு பதிக்கச் செய்தேன். பதிக்கும்போது பென் டிரைவில் முன்பிருந்தவை அழிந்துவிடும் என்பதையும் சொன்னேன்.

நிறுவுமிடம் கேட்டபோது அவள் கையை எடுத்துவிட்டாள். "சார், தட்டு 320-ன்னுல்ல ஒட்டியிருக்கு, இங்கே 298-ன்னு காட்டுதே?" என்றாள். விற்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுவதையும், மென்பொருள்கள் சில 1024 ஆக எண்ணுவதையும் விளக்கினேன். பென் டிரைவின் அளவையும் படித்துப் பார்த்தாள். அண்ணனின் படங்கள் வேறிடத்தில் பத்திரமாயிருக்கின்றனவா என்று மறுமுறை திறந்து பார்த்தாள். பிறகே அழுத்தினாள்.

கணினி எழுந்ததும், 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் தன் பெயரைத் தட்டிப் பார்த்தாள். பென் டிரைவைக் கழற்றிக்கொண்டே, "எதிர்வீட்டு அக்காவுக்கும் இதை வச்சே போட்டுக் கொடுக்கலாமா சார்?" என்று கேட்டாள்.

போடலாம் என்றேன்; அந்த அக்காவின் கோப்புகளை முதலில் எடுத்து வைத்துவிடு என்றேன்.