பதினாறு டிராம் மருந்து

மேற்கு லண்டனில் கிரேன் என்றொரு சிற்றாறு ஓடுகிறது. வெஸ்ட் ஈலிங் கனகதுர்க்கை அம்மன் கோயிலில் இருந்து நேர்கோட்டில் பத்துக் கிலோமீட்டர்கூட இராது. ஹவுன்ஸ்லோவைத் தாண்டி டுவிக்கன்ஹாம் பக்கம் அது போகும் இடத்தில் இப்போது ஒரு பூங்கா இருக்கிறது. மரங்களுக்கு மேலே தலை காட்டும் செங்கல் கோபுரம் ஒன்றைத் தவிர, அங்கே முன்பு என்ன நடந்தது என்று சொல்ல அதிகம் மிச்சமில்லை. 1920கள் வரை அந்த ஆற்றங்கரையில் வெடிமருந்து ஆலைகள் இயங்கின. 1772 ஜனவரியில் அவற்றில் ஒன்று வெடித்தபோது, தன் ஸ்ட்ராபெரி ஹில் மாளிகையின் வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் உடைந்துபோனதாக ஹொரேஸ் வால்போல் கடிதம் எழுதினார். 1820இல் கேர்ட்டிஸ் அன்ட் ஹார்வி நிறுவனம் இந்த ஆலையை வாங்கியது. அடுத்த அரை நூற்றாண்டில் ஆங்கில வேட்டைக்காரர்கள் பெரிதும் நம்பிய மருந்துகளில் ஒன்று அந்த நிறுவனத்தினுடையது.

வெடிமருந்தில் நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். கரியை இங்கிலாந்து மரங்களில் இருந்தே சுட்டெடுக்கலாம். வெடியுப்பு பிகாரில் இருந்து வந்தது. மாட்டுத் தொழுவங்களையும் பழைய சுவர்களையும் ஒட்டிய உவர்மண்ணைச் சுரண்டி, நீரில் கரைத்து, வடித்து, காய்ச்சி எடுப்பது நோனியா சாதியினரின் தொழில். 1693ஆம் ஆண்டுச் சாசனத்தின்படி கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்டுதோறும் 500 தொன் வெடியுப்பை முடியாட்சிக்குக் கொடுக்க வேண்டும். பிளாசிப் போருக்கு அடுத்த ஆண்டு, 1758இல், பிகார் வெடியுப்பின் ஏகபோக உரிமையைக் கிளைவ் பெற்றார். பாட்னாவில் இருந்து கங்கை வழியாகக் கல்கத்தா, அங்கிருந்து தேம்ஸ், தேம்ஸில் இருந்து லண்டனைச் சுற்றியிருந்த மருந்தாலைகள். அரைத்து மணியாக்கி டப்பாவில் அடைத்த மருந்து மறுபடி கப்பலேறி இந்தியப் பெருங்கடலுக்குத் திரும்பியது. இலங்கையின் யானைகளுக்கு அது வந்துசேர்ந்தது இப்படித்தான்.

வாய்வழி நிரப்பும் துவக்கைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு விளக்கம் தேவை. இன்றைய துவக்குக்குத் தோட்டா உண்டு. மருந்தும் சன்னமும் ஆலையிலேயே ஒன்றாக அடைக்கப்பட்டு வருகின்றன. சுடுபவர் அளவைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. பழைய துவக்கில் ஒவ்வொரு வெடிக்கும் அந்த அளவைக் கையால் தீர்மானிக்க வேண்டும். மருந்தை ஓர் அளவைக் குவளையில் எடுத்துக் குழாய்க்குள் கொட்டுவார்கள். எண்ணெய் அல்லது கொழுப்புத் தடவிய துணித்துண்டில் ஈயக்குண்டைப் பொதிந்து, நீண்ட கோலால் மருந்தின்மேல் இறுக அமர்த்துவார்கள். வன்னியிலும் மட்டக்களப்பிலும் இதன் உள்ளூர் வாரிசை ‘இடியன்’ என்பார்கள். பெயரிலேயே இடித்து நிரப்பும் வேலை இருக்கிறது.

எந்தக் குண்டு, எவ்வளவு மருந்து? குழாயின் அகலத்தை அன்று போர் கணக்கில் சொன்னார்கள். ஓர் இறாத்தல் ஈயத்தில் அந்தக் குழாய்க்குப் பொருந்தும் குண்டு எத்தனை வார்க்கலாமோ அதுவே எண். 12 போர் என்றால் இறாத்தலுக்குப் பன்னிரண்டு. 4 போர் என்றால் நாலே நாலு, ஒவ்வொன்றும் நாலு அவுன்ஸ். உருண்டைக் குண்டின் அகலத்தை இரட்டித்தால் எடை எட்டு மடங்காகும். 32 போர்க் குண்டு அரை அவுன்ஸ். அதைப்போல் இரண்டு மடங்கு அகலமான 4 போர்க் குண்டு நாலு அவுன்ஸ். கருமருந்தை ஓர் அளவுக்கு மேல் கூட்டினால் வேகம் அந்த விகிதத்தில் கூடுவதில்லை. புகையும் உதையும்தான் கூடுகின்றன. ஆகவே பெரிய விலங்கைச் சுட விரும்பியவர்கள் முதலில் குண்டைப் பெரிதாக்கினார்கள். பிறகு அதைத் தள்ள மருந்தைக் கூட்டினார்கள். அந்த உதையைத் தாங்கத் துவக்கையே கனமாக்கினார்கள்.

மருந்தின் மணியும் முக்கியம். நுண்மணி சட்டென்று எரிந்து குழாயை அழுத்தும். பருமணி மெதுவாக எரிந்து பெரிய குண்டை நிதானமாகத் தள்ளும். எரிந்த மருந்தில் ஒரு பகுதி கசடாகக் குழாய்க்குள் தங்கிவிடுவதால், சில வெடிகளுக்குப் பிறகு அடுத்த குண்டு உள்ளே இறங்க மறுக்கும். ரைபிளுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. உள்ளே வெட்டிய சுருள்வரிகள் குண்டைச் சுழற்றுவதால்தான் அது நேராகப் போகிறது. வரியின் முறுக்கு அதிகமாக இருந்து மருந்தும் அதிகமானால் குண்டு வரியைப் பற்றாமல் வழுக்கிக்கொண்டு வெளியேறும், குறி தவறும். மத்திய இந்தியாவில் பணியாற்றிய ஜேம்ஸ் ஃபோர்சைத் என்ற படை அதிகாரி 1863இல் வேட்டை ரைபிளைப் பற்றி ஒரு நூலே எழுதினார். முறுக்கைக் குறைத்து மருந்தைக் கூட்டு என்பது அதன் சாரம்.

இந்தக் கணக்கை எல்லை வரை கொண்டுபோனவர் சாமுவேல் பேக்கர். 1821இல் லண்டனில் பிறந்தவர். பிற்காலத்தில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போய்ப் புகழ்பெற்றவர். அதற்கு முன் 1846இல் இலங்கைக்கு வந்து, நுவரெலியாவில் ஆங்கிலக் குடியேற்றம் ஒன்றை நிறுவி, 1855 வரை அங்கே இருந்தார். பிரிஸ்டல் நகரத்துத் துவக்குக்காரர் கிப்ஸிடம் 1840இல் அவர் செய்வித்த ரைபிள் 21 இறாத்தல், அதாவது ஒன்பதரைக் கிலோ. மூன்று அவுன்ஸ் குண்டு. குண்டைச் சுற்றி ஒரு பட்டை. அது குழாயின் இரண்டு ஆழமான வரிகளில் பொருந்தும், எனவே எவ்வளவு மருந்து போட்டாலும் வழுக்காது. மருந்து 16 டிராம்.

16 டிராம் என்பது சரியாக ஓர் அவுன்ஸ், 28 கிராம். ஒப்பிட்டுப் பார்க்க: 1853இல் பிரிட்டிஷ் படைக்கு வந்த என்ஃபீல்ட் ரைபிளில் மருந்து இரண்டரை டிராம்தான். மனிதனைக் கொல்ல அது போதும் என்று கணக்கிட்டிருந்தார்கள். அங்கே மருந்து சன்னத்தின் எடையில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. பேக்கரிடம் மூன்றில் ஒரு பங்கு. வெறும் ஈயம் யானையின் மண்டையோட்டில் நசுங்கிவிடும் என்பதால் ஈயத்தோடு பத்தில் ஒரு பங்கு பாதரசம் கலந்து வார்ப்பது அவர் சொன்ன முறை. வெள்ளீயம் கலந்தாலும் குண்டு கடினமாகும், ஆனால் எடை குறையும். பாதரசம் ஈயத்தை விடக் கனமானது. கடினமும் எடையும் சேர்ந்து கிடைத்தன.

ஒரு வெடிக்குப் பிறகு மறுபடி நிரப்ப நேரம் வேண்டும். யானை அதுவரை காத்திராது. அதனால் பேக்கர் ஒரே வேட்டைக்கு ஆறு துவக்குகள் வைத்திருந்தார்: 21 இறாத்தலில் ஒன்று, 16 இறாத்தலில் ஒன்று, 15 இறாத்தல் இரட்டைக் குழாய்கள் நாலு. கூட்டினால் 97 இறாத்தல், 44 கிலோ. அவற்றைக் காட்டுக்குள் சுமந்துகொண்டு பின்னால் நடந்தவர்கள் உள்ளூர்க்காரர்கள். யானை பத்தடிக்குள் வரும்வரை நின்று நெற்றியில் சுடுவது வீரம் என்றால், அடுத்த துவக்கைக் கையில் கொடுப்பதற்காக அவருக்குப் பின்னால் அசையாமல் நின்றவனுடையதும் அதே வீரம்தான்.

பேக்கர் தனி ஆள் அல்ல. பதுளையில் நிர்வாகியாக இருந்த மேஜர் ரொஜர்ஸ் 1,400 யானைகளைக் கொன்றதாகச் சொல்லப்பட்டது. 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், கப்டன் கால்வே அதில் பாதிக்கும் மேல் கொன்றார் என்றும், வீதிகளுக்குப் பொறுப்பாக இருந்த மேஜர் ஸ்கின்னர் ஏறக்குறைய அதே அளவு கொன்றார் என்றும் எழுதினார். யானையைச் சுடுவதற்குக் குறிபார்க்கும் திறமை மிகக் குறைவாகவே வேண்டும் என்று அவர் சொன்னது வேட்டைக்காரர்களுக்குப் பிடித்திருக்காது.

ஆனால் டெனன்ட் தருகின்ற இன்னொரு கணக்கு எங்களுக்கு நெருக்கமானது. 1848க்கு முந்திய மூன்று வருடத்துக்கும் குறைவான காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளைக் கொன்றதற்கு அரசு வெகுமதி கோரப்பட்டது. அன்றைய வட மாகாணத்தில் இன்றைய அனுராதபுரம் பக்கமும் அடங்கியிருந்தது. வட மத்திய மாகாணம் 1873இல்தான் பிரிந்தது. ஆயினும் அதில் பெரிய பங்கு வன்னிக் காடு. வெகுமதி வாலுக்குக் கொடுக்கப்பட்டது. முதலில் ஒரு வாலுக்குப் பத்து ஷில்லிங், பிறகு சில மாவட்டங்களில் ஏழு ஷில்லிங், வேறு சிலவற்றில் ஒன்றுமே இல்லை என்று பேக்கர் எழுதுகிறார்.

இந்த 3,500ஐயும் மேஜர்களும் கப்டன்களும் சுடவில்லை. ஏழு ஷில்லிங்குக்காக வால் அறுத்துக் கச்சேரிக்குக் கொண்டுபோனவர்கள் பெரும்பாலும் எங்கள் ஊர்க்காரர்களாகவே இருந்திருப்பார்கள். அவர்களிடம் 21 இறாத்தல் ரைபிள் இல்லை, பாதரசமும் இல்லை. வரி வெட்டாத மலிவான குழாய், கிடைத்த ஈயம், ஈயம் இல்லாதபோது இரும்புத் துண்டு. மருந்து காசு கொடுத்து வாங்குவது, அதனால் சிக்கனமாகத்தான் போட முடியும். பேக்கரின் 16 டிராம் யானையை நின்ற இடத்தில் விழுத்தும். சிக்கனமான இரண்டு மூன்று டிராம் அதைக் காயப்படுத்தும். யானை பல நாள் அலைந்து எங்கோ குளக்கரையில் விழும். கொடுமை எதில் அதிகம் என்று கேட்டால் பதில் சுலபமில்லை. இரண்டு அளவையும் தீர்மானித்தது சுடுபவனின் பணப்பை. சுடவைத்தது அரசு நிர்ணயித்த விலை.

அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பு இதே காட்டில் இதே யானைக்கு வேறொரு விலை இருந்தது. ஒல்லாந்தர் காலத்தில் வன்னியர் தலைவர்கள் யானைகளைத் திறையாகக் கொடுத்தார்கள். ஆனையிறவுக் களப்பைக் கடந்து குடாநாட்டுக்குள் உயிரோடு நடத்திக் கொண்டுவரப்பட்ட யானைகளை யாழ்ப்பாணத்தில் இந்திய வணிகர்கள் வாங்கிக் கப்பலில் ஏற்றினார்கள். அதை வீரக்கதையாகச் சொல்ல வேண்டியதில்லை; பிடிபடும்போதும் பயணத்திலும் எத்தனையோ யானைகள் செத்திருக்கும். ஆனால் உயிரோடு இருந்தால்தான் அதற்கு விலை. காட்டை முழுவதும் காலியாக்கினால் அடுத்த ஆண்டு விற்க ஒன்றும் இருக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். வடக்கிலும் வடகிழக்கிலும் வாழ்ந்த முஸ்லிம் பணிக்கர்கள் மருந்தே இல்லாமல், தோல் கயிற்றுச் சுருக்கை யானையின் பின்னங்காலில் மாட்டி மரத்தில் கட்டும் வித்தையைத் தலைமுறைகளாகக் காத்தார்கள். டெனன்ட் அவர்களைப் பற்றி வியப்போடு எழுதுகிறார்.

ஆங்கிலேயருக்கு இலங்கை யானை தேவைப்படவில்லை. அவர்களுக்கு வேண்டியது கோப்பி, வீதி, நெல். மூன்றுக்கும் யானை இடைஞ்சல். அதனால் வாலுக்கு விலை வைத்தார்கள். கடலுக்கு இந்தப் பக்கம், அதே ஆங்கிலேயர் மதராஸ் மாகாணத்தில் 1873இல் காட்டு யானைகளைக் கொல்வதைத் தடுக்கச் சட்டம் போட்டார்கள். அங்கே மரம் இழுக்கவும் படைச் சுமை தூக்கவும் யானை வேண்டியிருந்தது. ஒரே ஆட்சி, ஒரே மருந்து, ஒரே இன விலங்கு. உயிரோடு அதனால் என்ன பயன் என்பது மட்டும் வேறு.

வேட்டைத் துவக்கின் மருந்தளவைப் பற்றிய நூல்கள் இதைச் சொல்வதில்லை. குண்டின் எடை, குழாயின் நீளம், வரியின் முறுக்கு, இத்தனை டிராம் என்று அவை கச்சிதமாகக் கணக்குப் போடுகின்றன. கணக்கில் தவறும் இல்லை. மென்பொருள் தொழிலில் இருக்கிற எனக்கு அந்த வகை எழுத்து பழக்கமானது. தரப்பட்ட இலக்கை எட்டுவது எப்படி என்று அது துல்லியமாகச் சொல்லும். இலக்கைத் தந்தது யார் என்று கேட்காது. பேக்கரின் பக்கங்களில் உதை, ஊடுருவல், தூரம் எல்லாம் இருக்கின்றன. வெடியுப்புக் காய்ச்சிய நோனியாவோ 97 இறாத்தலைச் சுமந்தவர்களோ அந்தக் கணக்கில் வருவதில்லை.

1860களில் பின்வழி நிரப்பும் துவக்குகள் பரவத் தொடங்கின. வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் மருந்துக் குவளையை மறந்தார்கள். வாய்வழித் துவக்கு விவசாயியிடம் தங்கிவிட்டது. 1916இல் இலங்கையின் சுடுகலன் சட்டம் வந்தது. 1937இல் வனவிலங்குகளையும் தாவரங்களையும் காக்கும் சட்டம் வந்தது. ஒரு காலத்தில் வால் கொண்டுவந்தால் காசு கொடுத்த அதே அரசு இயந்திரம், இப்போது அதே துவக்கோடு பிடிபட்டவனை நீதிமன்றத்தில் நிறுத்தியது. ‘இடியன் துப்பாக்கியுடன் ஒருவர் கைது’ என்ற செய்தியை வவுனியா, அம்பாறைப் பக்கங்களில் இருந்து இன்றும் வாசிக்கிறோம்.

2011இல் இலங்கை முழுவதிலும் எடுத்த கணக்கெடுப்பில் 5,879 யானைகள் இருந்தன. 1840களில், மூன்று வருடத்துக்கும் குறைவான காலத்தில், ஒரே மாகாணத்தின் ஒரு பகுதியில் வாலறுக்கப்பட்டவை 3,500. 2019 என்ற ஒரே ஆண்டில் 400க்கும் மேற்பட்ட யானைகளும் சுமார் 120 மனிதர்களும் இந்த மோதலில் இறந்தார்கள். துவக்குச் சூட்டோடு, தீனிக்குள் மறைத்து வைக்கும் ‘ஹக்கபட்டாஸ்’ என்ற வாய்வெடியும் யானைகளைக் கொல்கிறது. வாயில் வெடித்துத் தாடை கிழிந்த யானை பட்டினியாய்க் கிடந்து சாகும். அதைச் செய்பவனை லண்டனில் இருந்து திட்டுவது எளிது. இரவெல்லாம் பரணில் விழித்திருந்தும் ஒரு போகத்து நெல்லை இழந்தவன் அவன். யானையால் அவனுக்கு இன்றுவரை ஒரு வருமானமும் இல்லை, இழப்பு மட்டுமே. சரணாலயத்தில் ஜீப்பில் ஏறி யானை பார்க்கும் பயணிகள் கொடுக்கும் பணம் அவன் வயல்வரை வருவதில்லை. அது வந்துசேர வழி பிறந்தால் அவனும் மருந்தைக் குறைப்பான்.